படகில் ஃபிரிட்ஜ்: கேஸ் நிரப்புவதற்கு முன் வயரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுகளில் மீனைக் காப்பாற்ற ஐஸ் இருக்கிறது. ஆட்களின் காய்கறி, பால், மருந்து ஆகியவற்றுக்காக 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும் சிறிய ஃபிரிட்ஜ்களைப் படகில் வைக்கும் வழக்கம் பரவி வருகிறது. இந்தப் பெட்டிகளை ஓட்டுவது, பராமரிப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் படகில் 50 லிட்டர், 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) இருக்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி இன்ஜின் அறையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 7 மீட்டர் தூரம். இன்ஜின் ஓடும்போது ஃபிரிட்ஜ் நன்றாக வேலை செய்கிறது. இரவில் இன்ஜினை நிறுத்தியபின் சில மணி நேரத்தில் கம்ப்ரஸர் கிளம்புவதும் நிற்பதுமாக இருக்கிறது. பின்பக்கம் உள்ள சிறு விளக்கு விட்டுவிட்டு ஒருமுறை மின்னுகிறது. கரையில் மெக்கானிக் கேஸ் குறைவு என்று சொல்லி இரண்டு முறை நிரப்பினார். அதன்பிறகு குளிர்ச்சி முன்பைவிடக் குறைந்துவிட்டது. கம்ப்ரஸரை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், சின்னத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: இன்ஜின் ஓடும்போது நன்றாக இருக்கும் பெட்டி, இன்ஜின் நின்றதும் தடுமாறுகிறது. கேஸ் குறைந்திருந்தால் பகலிலும் குளிராது. இன்ஜின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவுக்குக் கொடுப்பதால் வழியில் எவ்வளவு இழப்பு இருந்தாலும் ஃபிரிட்ஜுக்குப் போதிய வோல்டேஜ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இன்ஜின் நின்றபின் அந்தத் தாராளம் கிடையாது.

படகு ஃபிரிட்ஜ்களில் மிகப் பரவலாக உள்ளது, முன்பு டான்ஃபாஸ் என்ற பெயரிலும் இப்போது செகாப் என்ற பெயரிலும் வரும் பி.டி.35 வகைக் கம்ப்ரஸர். அதன் மேல் பொருத்தியிருக்கும் மின்னணுப் பெட்டி, கோளாறை எல்.இ.டி. விளக்கின் மின்னல்களால் சொல்கிறது. ஒரு மின்னல் என்றால் பேட்டரிப் பாதுகாப்பு. இரண்டு என்றால் விசிறி அதிக மின்சாரம் இழுக்கிறது. மூன்று என்றால் மோட்டார் கிளம்ப முடியவில்லை. நான்கு என்றால் போதிய வேகம் எட்டவில்லை. ஐந்து என்றால் மின்னணுப் பெட்டி அதிகம் சூடாகிவிட்டது. உங்கள் விளக்கு சொல்வது முதல் வகை. தொழிற்சாலை அமைப்பின்படி 12 வோல்ட் இணைப்பில், மின்னணுப் பெட்டியின் முனையில் வோல்டேஜ் 10.4க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் நிற்கும், மீண்டும் 11.7க்கு ஏறினால்தான் கிளம்பும். 24 வோல்ட் இணைப்பில் இவை 22.8, 24.2.

இந்த அளவை அது பேட்டரியில் பார்ப்பதில்லை, தன் வாசலுக்கு வந்து சேரும் வோல்டேஜைத்தான் பார்க்கிறது என்பதுதான் விஷயம். வீட்டு வயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை நீங்கள் இழுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பல படகுகளில் அதுதான் கிடக்கிறது. போக 7 மீட்டர், வர 7 மீட்டர், ஆக 14 மீட்டர் செம்பு. கம்ப்ரஸர் 5 ஆம்பியர் இழுக்கும்போது இந்த வயரிலேயே ஏறக்குறைய 0.8 வோல்ட் தொலைந்துபோகிறது. நள்ளிரவில் விளக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் இழுத்தபின் பேட்டரியில் 11.4 வோல்ட் இருந்தால் ஃபிரிட்ஜுக்கு வருவது 10.6. உப்புக் காற்றில் பச்சைப் பூசணம் பிடித்த ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று இன்னும் கால் வோல்ட்டைத் தின்றுவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும். நின்றவுடன் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது வயரில் இழப்பும் இல்லை. வோல்டேஜ் மெல்ல ஏறுகிறது, 11.7ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் கிளம்புகிறது, கிளம்பியதும் வோல்டேஜ் மறுபடி விழுகிறது. நீங்கள் விடியும்வரை கேட்கும் ‘கிளம்புவதும் நிற்பதும்’ இதுதான்.

ஊகத்தை நம்ப வேண்டாம்; சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் ஒரு முறையும், மின்னணுப் பெட்டியின் பிளஸ், மைனஸ் முனைகளில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். ஓடாதபோது அளப்பதில் பயனில்லை, இரண்டும் ஒன்றாகவே காட்டும். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றவாளி வழியில் இருக்கிறது: வயர், ஃபியூஸ், சுவிட்ச், லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) ஆகிய ஒவ்வொன்றின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். வித்தியாசம் குறைவாக இருந்தும் பேட்டரியிலேயே வோல்டேஜ் விழுகிறது என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது ஒருபோதும் முழுதாக சார்ஜ் ஆவதில்லை. லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் நிறையும் என்பதால், இன்ஜினை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ‘சார்ஜ் ஆகிவிட்டது’ என்று முடிவுசெய்வது சரியல்ல. எந்தச் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறையக் காலி.

வயருக்குத் தயாரிப்பாளரே கணக்குக் கொடுத்திருக்கிறார். 12 வோல்ட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 2.5 மீட்டர் தூரத்துக்குத்தான் போதும். 4 என்றால் 4 மீட்டர், 6 என்றால் 6 மீட்டர், 10 என்றால் 10 மீட்டர். 24 வோல்ட்டில் இந்தத் தூரங்கள் இரட்டிப்பு. உங்கள் 7 மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். அதை விளக்கு, பம்பு ஆகியவற்றுக்குப் போகும் லைனிலிருந்து பிரிக்காமல், பேட்டரியிலிருந்து தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியே நேராகக் கொண்டுவாருங்கள். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். ஈயம் பூசிய செம்பு இழை வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு கடற்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை படகில் உதவாது. லக் வைத்து நன்றாக அழுத்தி, உட்புறம் பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும்.

இனி, கேஸ். இது தொழிற்சாலையில் அடைத்து மூடிய அமைப்பு. கசிவு இல்லாமல் கேஸ் குறையாது. இவ்வளவு சிறிய பெட்டிக்குத் தேவையான கேஸ் சில பத்து கிராம்தான், கார் ஏ.சி.க்கு நிரப்புவதுபோல் பிரஷரைப் பார்த்து ஏற்றினால் எளிதில் அதிகமாகிவிடும். கம்ப்ரஸருக்குத் திரும்பிவரும் செம்புக் குழாயில், பெட்டிக்கு வெளியே, பனி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் கேஸ் அளவுக்கு மீறியிருக்கிறது. குழாயிலுள்ள காற்றை முழுதாக உறிஞ்சி எடுத்து (வாக்குவம்), லேபிளில் உள்ள கேஸையே, தராசில் கிராம் கணக்காக நிறுத்து நிரப்பத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் வயரை மாற்றுங்கள்.

கேள்வி: என் தந்தை ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவர், இன்சுலின் போடுகிறார். படகு ஃபிரிட்ஜில் இன்சுலினை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜ் நின்றுபோனால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, வள்ளவிளை

பதில்: இன்னும் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும், எந்த நிலையிலும் உறையக் கூடாது. ஃபிரிட்ஜ் நின்றுபோகுமே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் சிறிய படகு ஃபிரிட்ஜில் அதிகம் நடக்கும் தவறு, மருந்து உறைந்துபோவதுதான். இந்தப் பெட்டிகளில் பனி படியும் அலுமினியத் தகடு உள்ளேயே இருக்கும். அதை ஒட்டி வைத்த பொருள் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சில வேளை மாற்றமின்றியே இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பஞ்சோ துணியோ வைத்து, தகட்டிலிருந்து மிகத் தள்ளி, மேல் திறக்கும் பெட்டியாக இருந்தால் மேல் தட்டில், வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு புட்டி தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். கதவைத் திறந்ததும் காற்றின் வெப்பம் குதிக்கும், தண்ணீரின் வெப்பமே மருந்தின் உண்மை நிலையைக் காட்டும். படகு கிளம்பும் முன் கரையிலேயே ஓரிரவு ஓடவிட்டு, காலையில் 2க்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்த்துத் தெர்மோஸ்டாட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினில் பெரும்பாலான வகைகளை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம். வகைக்கு வகை இது மாறும் என்பதால் உங்கள் தந்தையின் மருந்துத் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள், மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். வீல்ஹவுஸ் பகலில் 30ஐத் தாண்டும், எனவே அங்கே தொங்கவிடக் கூடாது. ஃபிரிட்ஜ் நின்றுபோனால் படகில் ஐஸுக்குப் பஞ்சமில்லை: வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்றில் கொஞ்சம் ஐஸ் போட்டு, அதன்மேல் தடித்த துணி மடிப்பு வைத்து, அதற்கு மேல் மருந்து டப்பாவை வைக்கலாம். ஐஸ் மருந்தைத் தொடக் கூடாது. இந்த ஃபிளாஸ்க் புறப்படும்போதே பையில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டு ஃபிரிட்ஜையே இன்வெர்ட்டர் போட்டுப் படகில் ஓட்டினால் செலவு குறையாதா?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: வாங்கும் செலவு குறையும். ஓட்டும் செலவு கூடும். பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றுவதிலேயே பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் வீணாகும். ஃபிரிட்ஜ் நின்றிருக்கும்போதும் இன்வெர்ட்டர் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய வகைக் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் பலமடங்கு மின்சாரம் கேட்கும். ஈரமான தளத்தில் 230 வோல்ட் ஓடுவது வேறு ஆபத்து. அலையில் கதவு திறந்து சாமான் கொட்டாமலிருக்கத் தாழ்ப்பாளும் அதில் கிடையாது. உங்கள் பகுதிப் படகுகள் பெரும்பாலும் மறுநாள் காலையில் கரை திரும்புகிறவை. அவற்றுக்கு எந்த ஃபிரிட்ஜும் தேவையில்லை என்பதே என் கருத்து. மூடி இறுக்கமான நல்ல ஐஸ் பெட்டி போதும்.

கேள்வி: கார் கடைகளில் 12 வோல்ட் ‘கூலர்’ மலிவாகக் கிடைக்கிறதே?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அதில் கம்ப்ரஸர் இல்லை, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடுதான். வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி மட்டுமே இறக்கும். 35 டிகிரி வெயிலில் உள்ளே 15 அல்லது அதற்கு மேல் இருக்கும். பாலும் மீனும் அதில் கெட்டுப்போகும். மேலும் அது நிற்காமல் 4, 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

கேள்வி: எங்கள் படகு ஃபிரிட்ஜ் இரவில் நிற்கிறது, ஓடுகிறது, பகலில் நிற்பதே இல்லை. உட்காரும் பலகைக்கு அடியில், இன்ஜின் அறைத் தடுப்பை ஒட்டி வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: வைத்த இடம் தவறு. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கக் கண்டென்சர் வழியே வெளியே தள்ளுகிறது. தள்ளும் இடமே 45 டிகிரியில் இருந்தால், அதே வெப்பக் காற்றையே விசிறி மறுபடி மறுபடி சுற்றவிடும். கீழ்ப்பக்கம் குளிர்ந்த காற்று நுழைய ஒரு வழியும், மேல்பக்கம் சூடான காற்று வெளியேற ஒரு வழியும் வெட்டுங்கள். ஒரே துளையில் இரண்டும் நடக்காது. மேல் வழி அருகே கையை வைத்தால் சூடான காற்று தொடர்ந்து வெளியே வருவது தெரிய வேண்டும். முடிந்தால் பெட்டியையே இன்ஜின் தடுப்பிலிருந்து நகர்த்துங்கள். கண்டென்சர் இடுக்குகளில் உப்பும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படிந்திருக்கும். ஃபியூஸைக் கழற்றிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கும், பெட்ரோல் டேங்க் இருக்கும் அறையில் ஃபிரிட்ஜை வைக்கக் கூடாது. புதிய பெட்டிகள் சிலவற்றில் உள்ள ஆர்-600ஏ கேஸும் தீப்பற்றக் கூடியது, அதுவும் காற்றைவிடக் கனமானதே. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றபின் லங்காவியில் பாய்மரப் படகில் மனைவியும் நானும் மாதத்தில் பாதி நாள் தங்குகிறோம். 80 லிட்டர் ஃபிரிட்ஜ் இருக்கிறது. எவ்வளவு பேட்டரி, எவ்வளவு சோலார் வேண்டும்?
– ஒரு வாசகர், மலேசியா

பதில்: முதலில் உங்கள் ஃபிரிட்ஜின் உண்மையான பசியை அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது 4 ஆம்பியர் இழுத்து, பாதி நேரம் ஓடினால், நாளொன்றுக்கு 48 ஆம்பியர்-மணி. உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இது மிகையான கணக்கு அல்ல.

வெயிலில்லாத இரண்டு நாளைத் தாங்க ஏறக்குறைய 100 ஆம்பியர்-மணி வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும், ஆகவே 200 ஆம்பியர்-மணி வையுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாம், 125க்கு மேல் எதுவும் போதும். ஆனால் அதை இன்ஜின் ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும் வாய்ப்பு உண்டு, நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் அவசியம். இவையெல்லாம் ஃபிரிட்ஜுக்கு மட்டும். விளக்கும் பம்பும் வேறு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனியாக இருக்கட்டும். 10.4 வோல்ட்டில் ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும் என்று நம்பி அதில் இணைக்காதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரி அந்த நிலைக்கு வரும்போது இன்ஜினைச் சுழற்றும் சக்தி அதில் மிச்சமிருக்காது. நிற்கும் வோல்டேஜை உயர்த்திவைக்கும் வசதி மின்னணுப் பெட்டியில் உண்டு, அதற்கான ரெசிஸ்டர் அளவுகள் கையேட்டில் இருக்கும்.

சோலாரில், 100 வாட் பேனல் பாய்மரத்தின் நிழலும் சூடும் போக நாளுக்கு 25 ஆம்பியர்-மணி கொடுத்தால் மகிழ்ச்சி அடையலாம். எனவே ஃபிரிட்ஜுக்கு மட்டும் 200 வாட். பேனலின் குறுக்கே ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலே உற்பத்தி கணிசமாகச் சரியும் என்பதைப் பொருத்தும் இடத்தைத் தேர்வுசெய்யும்போது நினைவில் வையுங்கள்.

இன்னொரு பேனல் வாங்குவதற்கு முன் பெட்டியின் சுவரைப் பாருங்கள். படகோடு சேர்த்துக் கட்டிய பழைய பெட்டிகளில் 3, 4 சென்டிமீட்டர் ஃபோம்தான் இருக்கும். வெப்பமண்டலக் கடலில் 8 முதல் 10 சென்டிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோம் தேவை. கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும். கம்ப்ரஸரின் வேகத்தையும் நிமிடத்துக்கு 2000 முதல் 3500 சுற்று வரை தேர்ந்தெடுக்கலாம். மெதுவான வேகத்தில் அதிக நேரம் ஓடுவது, வேகமாகக் குறைந்த நேரம் ஓடுவதைவிடச் சிக்கனம். மெரினாவில் கரை மின்சாரம் இருக்கும்போதே பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த சாமான்களால் நிறைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: படகில் சமையல் என் பொறுப்பு. நான்கு நாளுக்கு ஒரு முறை தகட்டில் விரல் கனத்துக்குப் பனி ஏறிவிடுகிறது. கத்தியால் கொத்தி எடுக்கிறேன். நாற்றமும் வருகிறது.
– ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: கத்தியை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது, மெல்லிய அலுமினியம். ஊசித்துளை விழுந்தால் ஃபிரிட்ஜின் கதை முடிந்தது. பனி அரை சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்திவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவை மூடுங்கள். கால் மணி நேரத்தில் பனி பாளம் பாளமாகக் கழன்றுவரும்.

விரல் கனம் ஏறுவதற்குக் காரணம் ஈரம். சூடான குழம்பை அப்படியே வைப்பது, கழுவிய கீரையை நீரோடு வைப்பது, ஆளுக்கொரு முறை கதவைத் திறந்து தண்ணீர் எடுப்பது ஆகிய மூன்றையும் நிறுத்தினாலே பாதி குறையும். குடிநீருக்கு வேறு பெட்டி வையுங்கள். மீதிப் பாதிக்குக் காரணம் அடியிலுள்ள வடிகால் துளை: பல பெட்டிகளில் அது அடைப்பில்லாமல் திறந்தே கிடக்கும், அதன் வழியே குளிர்ந்த காற்று கீழே ஒழுக, கதவு ரப்பர் வழியே ஈரக் காற்று உள்ளே வரும். அதைத் தக்கை வைத்து மூடி, நீரை வடிக்கும்போது மட்டும் திறங்கள். நாற்றமும் பெரும்பாலும் அந்தக் குழாயில் தேங்கிய மீன் நீர்தான். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் ஃபிரிட்ஜையும் பேட்டரியையும் எப்படி விட்டுவைப்பது?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரண்டும் 61 நாள். கெடுவதற்குப் போதுமான காலம். பெட்டியைக் காலிசெய்து, பனியை உருக்கி, சோடா நீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, கதவு மூடிக்கொள்ளாமலிருக்க இடையில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள். மூடிய பெட்டியில் பூஞ்சை பிடித்தால் ரப்பர் போய்விடும். கரைக்குத் தூக்கிச் செல்வதானால் நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள்; சாய்த்திருந்தால் மீண்டும் ஓட்டுவதற்கு முன் சில மணி நேரம் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தபின் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அளவைச் சரிசெய்யுங்கள். சார்ஜுக்கு முன் ஊற்றினால் வழிந்துவிடும். பிறகு மைனஸ் வயரைக் கழற்றி, டெர்மினல்களைத் துடைத்து வாசலின் தடவுங்கள். மாதம் ஒரு முறையாவது மீண்டும் சார்ஜ் ஏற்றுங்கள், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டர்களுக்கான உயரமான டியூபுலர் பேட்டரியைப் படகில் வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளியில் அதற்கு மரச்சட்டமும் பட்டையும் போட்டுக் கட்டிவிடுங்கள்; கடல் கொந்தளிக்கும்போது அது சாய்ந்தால் ஆசிட் கொட்டும். ஆகஸ்டில் இறங்குவதற்கு முந்தைய நாள், கம்ப்ரஸரை ஓடவிட்டு இரு முனைகளிலும் வோல்டேஜை அளந்து, அந்த இரு எண்களையும் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவைத்தால், அடுத்த கோளாறின்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.